வலது தொடை

ஜூன் 3
பாப்பாவுக்கு மருந்து ஏற்றும் குழாயைக் கழுத்தில் வேண்டாம், தொடைச் சிரையில் போடுகிறோம் என்றார் டாக்டர். அவள் இதயக் கோளாறுக்குச் செய்யவிருக்கும் கிளென் ஆபரேஷனில், தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் ரத்தம் இறங்கும் பெரிய சிரையைத்தான் நுரையீரல் தமனியோடு சேர்த்துத் தைப்பார்களாம். குழாய் போட்டு அங்கே ரத்தம் உறைந்துவிட்டால் ஆபரேஷனுக்கே சிக்கல். குழாயின் அளவு 4 பிரெஞ்ச், அதாவது 1.3 மில்லிமீட்டராம். பிளவுஸ் கழுத்துக்கு நான் பைப்பிங் வைக்கும் கயிறுகூட அதைவிடத் தடிமன்.

ஜூன் 4
முதல் குத்து தமனியில் பட்டுவிட்டது. ஸ்கேன் பார்த்துக்கொண்டேதான் குத்தினார்களாம். ரத்தத்தின் நிறத்திலேயே தெரியாதா என்று கேட்டேன். பாப்பாவுக்கு நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்து ஓடுவதால் தமனி ரத்தமும் கருத்தே வரும், அழுத்தத்தைப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும் என்றார்கள். பஞ்சை வைத்து வெகுநேரம் அழுத்திப் பிடித்திருந்தார்கள். சில்லிட்டிருந்த கால்விரல்களில் சூடு திரும்பும்வரை நான் உட்காரவில்லை.

ஜூன் 5
காற்றுக்குமிழி. நமக்கென்றால் நுரையீரல் வடிகட்டிவிடுமாம். இவள் இதயத்தில் அது நேராக மூளைக்கே போகக்கூடும். மருந்து ஏற்றும் ஒவ்வொரு முறையும் சிஸ்டர் சிரிஞ்சைச் சுண்டுகிறார், நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். வாசலில் வீட்டுக்காரர் வாங்கித் தந்த டீயின் நுரையைக்கூடப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜூன் 6
அத்தை திருவொற்றியூர் வடிவுடையம்மன் குங்குமம் கொண்டுவந்தார். கை கழுவிவிட்டு நெற்றியில் மட்டும் இடலாம், பிளாஸ்திரிப் பக்கம் விரல் போகக் கூடாது என்றார் சிஸ்டர். அத்தைக்குக் கோபம். எனக்குச் சிஸ்டர் சொன்னதுதான் சரியென்று பட்டது. கிருமி அந்தக் குழாய் வழியாகப் போனால் நேரே ரத்தத்தில்தான் கலக்கும்.

ஜூன் 8
வலது தொடை சுற்றளவு 19 செ.மீ., இடது 17. தண்டையார்பேட்டை வீட்டிலிருந்து என் அளவு டேப்பை எடுத்துவரச் சொல்லி நானே அளந்தேன். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் சிரைக்குள் ரத்தக்கட்டு தெரிந்தது. ரத்தம் மேலும் உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்து தொடங்கிவிட்டார்கள்.

ஜூன் 9
18.8.

ஜூன் 10
நேற்று முன்தினம் காலையில் டயப்பர் மாற்றும்போது, எலாஸ்டிக் தடம் வலது தொடையில் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்ததைப் பார்த்தேன். இறுக்கிக் கட்டிவிட்டோம் என்று நினைத்துத் தளர்த்திக் கட்டினேன். நாள் முழுக்க ஊரார் உடம்பை அளக்கிறவள், என் குழந்தையின் தொடையை மாலை வரை அளக்கவில்லை. பின்னாளில் ஆஞ்சியோ செய்யவும் இந்தச் சிரை வழியாகத்தான் போக வேண்டியிருக்குமாம். அடைத்துக்கொண்டால்? இடது பக்கம் இருக்கிறதே என்று அவர் தேற்றுகிறார். இருப்பதே இரண்டு.

ஜூன் 12
18.2. கட்டு கரைகிறதா, வீக்கம் மட்டும்தான் வடிகிறதா என்பதை டேப் சொல்லாது. நாளை மறுபடியும் டாப்ளர். பாப்பா டேப்பின் பித்தளை முனையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.