பசலி 1300இல் கப்பலேறியவர்

என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் முனுசாமி, கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டாலுக்குப் போனார், திரும்பவில்லை. அவரைப் பற்றி எங்கள் வீட்டில் மிஞ்சியிருந்த செய்தி இவ்வளவுதான். போட்டோ கிடையாது, கடுதாசி கிடையாது.

பிடி கிடைத்தது அத்தை வீட்டுத் தகரப் பெட்டியில். பழைய பாகப்பிரிவினைப் பத்திரம். புள்ளி வைக்காத எழுத்து. ஒரு பக்கம் படிக்க இரண்டு மாலைப்பொழுது ஆயிற்று. ‘சுமார் பசலி 1300ல் நேட்டால் போய் இதுநாள் வரை வராத முனுசாமி’ என்று ஒரு வரி. பசலி என்பது நிலவரிக் கணக்கில் எழுதும் ஆண்டு. அதோடு 590ஐக் கூட்டினால் 1890. தகப்பனார் பெயரும் போளூர் தாலுகாவில் இருக்கும் எங்கள் ஊரின் பெயரும் பக்கத்திலேயே இருந்தன.

1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஆளுக்கு ஓர் எண். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், அங்க அடையாளம் எல்லாம் உண்டு. இப்போது அதைக் கணினியிலேயே தேடலாம் என்றதும் ஒரே இரவில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் வீணாயிற்று. முனுசாமி என்று தேடியதுதான் தப்பு. முனிசாமி, மூன்சாமி, முனியசாமி என்று எழுத்தர் காதில் விழுந்தபடியெல்லாம் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனதும் முதலி ‘மூட்லி’ ஆனதும் அப்படித்தான். தென்னாப்பிரிக்காவில் இன்றும் அவை குடும்பப் பெயர்கள். பிறகு ஆளை விட்டுவிட்டு அவருடைய அப்பாவைத் தேடினேன். போளூர் அப்போது இருந்த வட ஆற்காடு ஜில்லா, 1889 முதல் 1892 வரை, தகப்பன் பெயரின் முதல் மூன்று எழுத்து. நான்கு பேர் தேறினார்கள். எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு ‘ழ’ உண்டு. எழுத்தர் அதை மென்று துப்பியிருந்தார். நான்கையும் வாய்விட்டுப் படித்தபோதுதான் ஒன்று மட்டும் ஊர்ப் பெயராக ஒலித்தது.

வயது 22. வலது முழங்காலில் தழும்பு.

மாடு மேய்க்கும்போது விழுந்தாரோ, கிணற்றுப் படியில் வழுக்கினாரோ. முகம் தெரியாத பெரியவரின் முழங்கால் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அன்று இரவு அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

அடுத்த எண்ணில் ஒரு பெண். வயது 18, சேலம் ஜில்லா. உறவு என்ற இடத்தில் முனுசாமியின் மனைவி என்று இருந்தது. எங்கள் வீட்டுக் கதையில் அவர் கல்யாணம் ஆகாதவர். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது போக வேண்டும் என்று அந்தக் காலத்தில் விதி இருந்தது. கப்பலுக்குக் காத்திருந்த டிப்போவிலேயே பலர் தம்பதியாகப் பதிந்துகொண்டார்கள். இவர்களும் அப்படியா, ஊருக்குத் தெரியாமல் முன்பே சேர்ந்தவர்களா என்பதைப் பட்டியல் சொல்லாது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது; அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

அத்தையிடம் படித்துக் காட்டினேன். தழும்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“அந்தப் பெண்ணுக்குச் சேலத்தில் எந்த ஊர்?”

அந்த ஊர்ப் பெயரையும் எழுத்தர் மென்றுதான் வைத்திருக்கிறார். வாய்விட்டுப் படித்துப் பார்த்தோம். அத்தைக்கு ஒரு மாதிரி ஒலிக்கிறது, எனக்கு வேறு மாதிரி.