எடைமேடையில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் டிரெய்லர் வாங்கினேன்

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில், எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழம் வாங்கும் இடமொன்றில் 19 வருடம் எடைமேடைக் கணக்கு எழுதினேன். லோரி ஏறும், எண் வரும், சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன். வேலையை விட்டு மூன்று வருடமாகிறது. அம்மா பெயரில் இருந்த நான்கு ஏக்கரும், லங்காப் பக்கம் பிறகு வாங்கிய ஐந்து ஏக்கரும் இப்போது என் பொறுப்பு. இரண்டிலும் செம்பனைதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தெலுக் இந்தான், சங்காட் ஜோங் வழியாக முப்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

எங்கள் பக்கம் கடலோரக் களிமண். இரண்டு நாள் மழை பெய்தால் பிக்கப் உள்ளே போகாது, போனால் திரும்பி வராது. பழக்குலையை ஒற்றைச் சக்கர வண்டியில் வைத்துத் தள்ளித் தள்ளி, அறுவடைக்கு வரும் ஆட்களுக்கும் இடுப்பு போயிற்று, எனக்கும் போயிற்று. அதனால் போன வருடம் பழைய குபோட்டா ஆர்டிவி ஒன்று வாங்கினேன், தோட்டத்துக்குள் ஓட்டுகிற சிறிய வண்டி. டீசல், மூன்று சிலிண்டர், நான்கு சக்கரமும் இழுக்கும், பின்னால் கவிழ்க்கிற தொட்டி. சேற்றில் அது போகிற அழகைப் பார்க்க வேண்டும். ஆனால் பொதுச் சாலையில் ஓட்டக்கூடாது. லங்காப்புக்குக் கொண்டுபோக டிரெய்லர்தான் வழி.

முதலில் தெரிந்தவரிடம் ஒன்று இரவல் வாங்கினேன். ஒற்றை அச்சு, பிரேக் கிடையாது. ஆர்டிவியை ஏற்றி, அதன் தொட்டியில் நான்கு மூட்டை உரமும் போட்டுக்கொண்டு என் டி-மேக்ஸ் பிக்கப்பில் கிளம்பினேன். சங்காட் ஜோங் தாண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எண்ணெய் டேங்கர் லோரி ஒன்று என்னை முந்தியது. அந்தக் காற்றில் டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பி, மறு பக்கம் போய், பிக்கப்பின் பின்புறத்தையே இழுத்து ஆட்டத் தொடங்கியது. பிரேக்கை மிதிக்கவில்லை. எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். வேகம் குறையக் குறைய ஆட்டமும் நின்றது. பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். லங்காப் போய்ச் சேரும் வரை நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை.

மறுநாள் அதே சுமையோடு மெதுவாகத் திரும்பி வந்து, நேராகப் பழைய வேலையிடத்து எடைமேடையில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஆர்டிவி 980 கிலோ. டிரெய்லர் 350. உரம் 200. மொத்தம் 1,530. பிறகு டிரெய்லரைக் கழற்றி, அதன் முன்பக்கத்தைத் தாங்கும் சிறிய ஜாக்கிச் சக்கரத்தை மட்டும் மேடையில் வைத்து, பெரிய சக்கரங்களை வெளியே நிறுத்திப் பார்த்தோம். டிரெய்லரின் மூக்கு பிக்கப்பின் கொக்கியில் எவ்வளவு அழுத்துகிறது என்பது அப்படித் தெரியும். வந்த எண் 40. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது மூக்கில் இருக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 150. மூக்கில் எடை குறைந்தால் டிரெய்லரின் பின்பக்கம் கனத்து, வால் ஆட்டும்.

ஆர்டிவியைத் தொடவே இல்லை. தொட்டியில் இருந்த நான்கு மூட்டைகளை மட்டும் எடுத்து டிரெய்லரின் முன்பக்கம் அடுக்கினோம். மறுபடி பார்த்தால் 170. அந்த மேடை 10 கிலோ படியில்தான் காட்டும், இதற்கு அது போதும். இத்தனை வருடம் எடை பார்த்த எனக்கு, எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

டிரெய்லர் வாங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: விலை கேட்பதற்கு முன் உங்கள் வண்டியை ஒரு எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். டீசல் நிரப்பி, கூரை, வின்ச், கருவிப்பெட்டி எல்லாம் வைத்து. சிற்றேட்டில் போட்டிருக்கும் எடை வெறும் வண்டிக்கு. நம் ஊரில் எடைமேடைக்குப் பஞ்சமே இல்லை, பழம் போடுகிற இடத்தில் கேட்டால் ஏற்ற விடுவார்கள்.

அடுத்தது பிரேக். இதில் தம்பியோடு நிறைய வாக்குவாதம். "அக்கா, ஹைலக்ஸ், டி-மேக்ஸ் எல்லாம் மூன்றரை டன் இழுக்கும். பிரேக்குக்கு எதுக்கு வீணா காசு?" என்றான். மூன்றரை டன் என்பது டிரெய்லருக்குச் சொந்தமாகப் பிரேக் இருந்தால். இல்லையென்றால் இந்த மாதிரிப் பிக்கப்புகளுக்குப் பல நாடுகளில் கொடுக்கிற வரம்பு 750 கிலோதான். என் ஆர்டிவி தனியாகவே அதைத் தாண்டிவிட்டது. இழுப்பது வேறு, நிறுத்துவது வேறு. மழையில் நனைந்த சாலையில், முன்னால் போகும் மோட்டார் சைக்கிள் திடீரென்று நின்றால், பின்னாலிருந்து ஒன்றரை டன் தள்ளும்போது நம் பிக்கப்பின் பிரேக் மட்டும் என்ன செய்யும்?

நான் எடுத்தது தள்ளு பிரேக். பிக்கப் வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னே தள்ளும், மூக்கு உள்ளே அமுங்கும், அந்த அசைவே கம்பியை இழுத்துச் சக்கரத்தில் பிரேக் போடும். மின்சாரப் பிரேக் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்கிறார்கள், ஆனால் பிக்கப்பில் தனியாகக் கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும், சேற்றிலும் தண்ணீரிலும் ஒயர் கெட்டால் யார் பார்ப்பது? தள்ளு பிரேக்கில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போதும் மூக்கு அமுங்கும், பிரேக் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்கப் பூட்டு இருக்க வேண்டும், அல்லது ரிவர்ஸில் தானே விடுகிற டிரம் இருக்க வேண்டும். என் நிலத்தில் வண்டி திருப்ப இடமில்லை, பாதி வேலை ரிவர்ஸில்தான்.

அச்சு ஒன்றா இரண்டா? 185ஆர்14சி என்ற வேன் டயரை நான் தேர்ந்தெடுத்தேன், ஏனென்றால் தெலுக் இந்தானில் எந்த டயர் கடையிலும் கிடைக்கும். ஒரு டயர் 850 கிலோ தாங்கும். இரண்டு டயர் என்றால் 1,700. புது டிரெய்லரின் சொந்த எடை 520, ஆர்டிவியும் உரமும் சேர்ந்து மொத்தமும் 1,700. கொஞ்சம் மூக்குக்குப் போனாலும் மீதி மிச்சமில்லாத கணக்கு. அதனால் இரண்டு அச்சு. கையால் திருப்புவது சிரமம், குறுகலான வளைவில் டயர் தேயும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு டயர் போனால் மற்ற மூன்று தாங்கி ஓரமாக ஒதுங்கலாம். தனியாகப் போகிற பெண்ணுக்கு அந்த ஒரு காரணமே போதும்.

சாய்வுப் பலகையைத்தான் அதிக நேரம் யோசித்தேன். பட்டறையில் காட்டியது 120 சென்டிமீட்டர் நீளம், தளம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர். அந்தச் சரிவில் ஏறி மேல் விளிம்பைத் தாண்டும்போது வண்டியின் வயிறு தட்டும் போலிருந்தது. 150 சென்டிமீட்டர் ஆக்கச் சொன்னேன். நீளமானால் கனமாகும். அதைத் தூக்கப்போவது நான் ஒருத்தி. பக்கத்துக்கு ஒரு ஸ்பிரிங் வைத்த பிறகு ஒரு கையால் தூக்க முடிகிறது. அப்புறம், பொளி போட்ட தகடு வேண்டாம், கம்பி வலை வையுங்கள் என்றேன். ஈரக் களிமண் தகட்டில் அப்பிக்கொண்டு வழுக்கும், வலையில் கீழே உதிர்ந்துவிடும். பட்டறை முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. மழை நாளில் ஒரு முறை நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன், தகட்டுப் பலகையில் அவர் காலே வழுக்கியது. வலை போட்டுக் கொடுத்தார்.

துரு இன்னொரு தலைவலி. கடல் காற்றைவிடப் பொட்டாஷ் உரம் மோசம். செம்பனைக்கு அது நிறைய வேண்டும், அது உப்புதான், மூட்டை கசிந்து தளத்தில் நின்றால் சில மாதத்தில் பெயிண்டைக் கிளப்பிவிடும். துத்தநாகப் பூச்சு செய்த இரும்பு வாங்கினேன். பெட்டிக் குழாய்க்குப் பதில் திறந்த சட்டம், உள்ளே தண்ணீர் நிற்காது, ரப்பர் குழாயில் தண்ணீர் அடித்துக் கழுவலாம்.

கொக்கிக் குண்டையும் அளந்து பாருங்கள். 50 மில்லிமீட்டர் ஒன்று, 2 அங்குலம் ஒன்று, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். 2 அங்குல மூக்கை 50 மில்லிமீட்டர் குண்டில் மாட்டினால் தளர்ந்து ஆடும், குதிக்கும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் மூக்குக்கு அடியில் குறுக்காகப் போட வேண்டும், மூக்கு கழன்றால் தரையில் குத்தாமல் அதில் விழும்.

பட்டறையில் அடித்த டிரெய்லரை அப்படியே சாலைக்கு எடுத்துப் போகக்கூடாது. வெல்டிங் தொடங்கும் முன்பே ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்து இலாகா அலுவலகத்துக்கு வரைபடத்தோடு போய்க் கேட்டுவிடுங்கள். முடித்த பிறகு மாற்றச் சொன்னால் செலவு இரட்டிப்பு.

முதல் ஓட்டத்தில் உரமூட்டையோடு சேர்த்து எடை பார்த்து, மூக்கில் 170 வரும் இடத்தில் ஆர்டிவியை நிறுத்தி, முன்சக்கரத்துக்கு முன்னால் தளத்தில் ஒரு இரும்புப் பட்டையை வெல்டு வைத்தேன். இப்போது யார் ஏற்றினாலும் சக்கரம் அந்தப் பட்டையில் முட்டி நிற்கும். உரமூட்டை அதற்கு முன்னால் போவதில்லை, பின்னாலும் போவதில்லை. பட்டையை ஒட்டி இரண்டு பக்கமும் இரண்டிரண்டு, எடை பார்த்தபோது இருந்த அதே இடத்தில். நான்கு மூலையிலும் ஆர்டிவியின் சட்டத்தில் இறுக்கிக் கட்டும் ராட்செட் பட்டை, 50 மில்லிமீட்டர் அகலம்.

போன சனிக்கிழமை சங்காட் ஜோங் எண்ணெய் நிலையத்தில் நிறுத்தி, நான்கு சக்கர மையத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். வலது பின்சக்கரம் மற்றதைவிடக் கொஞ்சம் சூடு. பேரிங் கிரீஸ் வாங்கி வைத்திருக்கிறேன். மழை விட்டதும் கழற்ற வேண்டும்.