ஆச்சியின் கன்றுக்கயிறு

பின்னேரம் நாலரை ஆனால் ஆச்சி எழும்பிவிடுவா. துவாயை எடுத்து முறுக்கிக் கையில் பிடித்தபடி கேற்றடிக்குப் போய் நிற்பா. கேற் பூட்டியிருந்தால் முதலில் கெஞ்சல், பிறகு ஏச்சு, கடைசியில் அழுகை. கிளிநொச்சிப் பக்கம் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் எங்களுக்கு வேலை மாறுகிற நேரமும் அதுதான். ஆளாளுக்கு அவசரம். "பொழுதுபட்டால் இவவுக்கு இப்பிடித்தான்" என்று சொல்லி விட்டுவிடுவோம். முதுமை மறதி உள்ளவர்களுக்குப் பின்னேரங்களில் பதற்றம் கூடுவது உண்மைதான். ஆனால் அந்தப் பதில் எங்களுக்கு வசதியாகவும் இருந்தது.

கொஞ்சம் யோசித்தவர்கள் சொன்ன காரணம் இடம்பெயர்வு. ஆச்சிக்கு ஊர் வட்டக்கச்சி. 2009இல் கடைசிச் சண்டைக்குள் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாம். நாங்களும் அந்த வழியால் வந்தவர்கள்தானே, அதனால் எதைக் கண்டாலும் எங்களுக்கு அந்தக் கதைதான் முதலில் வரும். ஒருநாள் ஆறுதல் சொல்லுவதாக நினைத்துக்கொண்டு, "பயப்பிடாதேங்கோ ஆச்சி, இப்ப ஷெல் அடிக்கிறதில்லை" என்றேன். ஷெல் என்ற சொல் மட்டும்தான் அவவின் காதில் விழுந்திருக்க வேண்டும். அப்படியே கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டா. வெளியே எடுக்க ஒன்றரை மணித்தியாலம் ஆனது. ஏன் பயந்தா என்பது இரவுக்குள் அவவுக்கு மறந்துபோய்விட்டது. பயம் மட்டும் விடியும்வரை இருந்தது.

எங்களுக்குப் பயிற்சி தந்தபோது ஒவ்வொருவருக்கும் 'வாழ்க்கைக் கதைப் புத்தகம்' செய்யச் சொன்னார்கள். நல்ல விஷயம். முதியவர்கள் பழைய கதை சொல்லிக்கொண்டிருப்பது நோயின் அறிகுறியல்ல, அது அவர்கள் தங்கள் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும் இயல்பான வேலை என்று அமெரிக்க உளமருத்துவர் ரொபேர்ட் பட்லர் 1963இலேயே எழுதியிருக்கிறார். அல்சைமர் நோய் பெரும்பாலும் புதிய நினைவைப் பதிந்து வைக்கும் பகுதியைத்தான் முதலில் அரிக்கிறது. காலைச் சாப்பாடு மறந்துபோகும், பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்தது நிற்கும். அதிலும் கை பழகிய வேலை இன்னும் கனகாலம் நிற்கும்.

ஆனால் அந்தப் புத்தகத்துக்காகத் தந்த படிவம் வேறு ஏதோ நாட்டு ஆட்களுக்காக அடித்தது போல இருந்தது. கலியாண அல்பத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று போட்டிருந்தது. வன்னியில் யாரிடம் அல்பம் இருக்கிறது? பங்கருக்குள் விட்டது, மழையில் ஊறியது, ஓடும்போது எறிந்தது. மிஞ்சியது ஷொப்பிங் பையில் சுற்றிய அடையாள அட்டையும் காணி உறுதியும்தான். 'பொழுதுபோக்கு' என்று இன்னொரு கட்டம். ஆச்சியின் தங்கச்சியிடம் அதைக் கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தா. "பொழுது எங்கை பிள்ளை போனது? வேலைதான்."

சரி, என்ன வேலை என்று கேட்டேன். அப்போதுதான் வெளிவந்தது. "அக்கா பத்துப் பன்ரெண்டு மாடு வைச்சிருந்தவ. பின்னேரம் கன்றைப் பிடிச்சுக் கட்டாட்டி, விடியக் கறக்கப் பால் இராது. குடிச்சுப்போடும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூன்று மாதமாக அந்த மனிசி முறுக்கிய துவாயைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறா.

அடுத்த நாள் சந்தையில் ஒரு கயிறு வாங்கிவந்து, நாலரைக்கு நானே விறாந்தைத் தூணில் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினேன். ஆச்சி கிட்ட வந்து பார்த்தா. "ஆர் உனக்கு இப்பிடிக் கட்டப் பழக்கினது? இது சுருக்குத்தடம். கன்று இழுத்தா கழுத்து நெரிஞ்சு செத்துப்போம்." கயிற்றைப் பறித்து அவிழ்த்து, இறுகாத ஒரு முடிச்சை இரண்டே அசைவில் போட்டா. அதை எப்படிப் போட்டா என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. என் பெயர் தெரியாது, நடப்பு வருசம் தெரியாது, அந்த விரல்களுக்கு மட்டும் தடுமாற்றமே இல்லை. முடித்துவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி கேட்டா.

எல்லாக் கதையும் இப்படி வேலைக்கு உதவாது. இன்னொரு ஐயா, தன் மகன் எங்கே என்று கேட்பார். மற்ற ஊர்களில் இதற்கு உண்மை சொல்வதா பொய் சொல்வதா என்று விவாதிக்கிறார்கள். எங்களுக்கு அந்த உண்மையே தெரியாது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் போராட்டத்துக்குக் குந்தியபோது, அவருடைய மனைவியும் மகனின் படத்தோடு போயிருந்தவவாம். மறதி இல்லாதவர்களுக்கே கிடைக்காத பதிலை நான் எங்கே போய் எடுப்பது? "அவருக்கு என்ன கறி விருப்பம் ஐயா?" என்று கேட்பேன். விரால் மீன் என்பார். குளத்தில் தூண்டில் போட்ட கதை வரும். அந்தப் படத்தை அவருடைய புத்தகத்தில் ஒட்டச் சொன்னார்கள். நான் ஒட்டவில்லை. அலுமாரியில் வைத்திருக்கிறேன், அவரே கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம்.

கயிற்று விஷயத்தில் நாங்கள் யோசிக்காத ஒன்று இருந்தது. ஆச்சி கட்டினால் யாராவது அதை அவிழ்க்கவும் வேண்டுமே. குசினியில் சமைக்கிற அக்கா விடிய வேலைக்கு வரும்போது அவிழ்த்துவிடுவா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ லீவு, எங்களில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. நாலரைக்கு ஆச்சி தூணடிக்குப் போய், கட்டியபடி இருந்த கயிற்றைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினா.

"காலமை ஆரும் அவிட்டுவிடேல்லையோ? தாய் மடி நிறைஞ்சு கத்திக்கொண்டு நிக்கும். போடி, போய் அவிட்டுவிடு."

போய் அவிழ்த்துவிட்டேன்.