கிடங்கில் இறங்கும் பொருள்கள்

எங்கள் ஆலயப் பங்கின் உதவிப் பொருள் கிடங்கில் பல ஆண்டுகளாகப் பொறுப்பாளராக இருந்து வருகிறேன். மக்கள் கொண்டுவந்து தரும் துணி, பாத்திரம், கட்டில், மேசை முதலியவற்றைப் பதிவேட்டில் எழுதி, தரம் பார்த்துப் பிரித்து, தேவைப்படும் குடும்பங்களிடம் சேர்ப்பதுதான் வேலை. எளிமையைப் பற்றி எத்தனையோ மறையுரைகளைக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒருவருக்குத் தம் உடைமை மீது எவ்வளவு பிடிப்பு இருக்கிறது என்பது, அவர் அதைக் கொண்டுவந்து இறக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

பெரும்பாலான பொருள்கள் காலம் கடந்தே வந்து சேர்கின்றன. அந்துருண்டை வாடை வீசும் பெட்டியைத் திறந்தால் ஒருமுறைகூட உடுத்தாத குழந்தை உடைகள் இருக்கும். மடிப்புகளில் மஞ்சள் பாய்ந்திருக்கும். இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்தால் நெகிழாமல் பொடிப்பொடியாக உதிரும். கெட்ட எண்ணத்தோடு யாரும் இப்படித் தருவதில்லை. பிறகு உதவும் என்று வைத்திருந்து, இனி உதவாது என்று உறுதியான பின்பே தருகிறார்கள். பூச்சியும் துருவும் அழிக்கும் என்று மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்வதை நான் தரம் பிரிக்கும் மேசையில் அன்றாடம் பார்க்கிறேன்.

அதனாலோ என்னவோ, 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவியருக்கு எழுதிய ஒழுங்குநூலின் 55ஆம் அதிகாரம், கிடங்கில் வேலை பார்த்த ஒருவர் எழுதியது போலவே எனக்குப் படுகிறது. மாற்றிக்கொள்ளவும் துவைக்கவும் இரண்டு அங்கிகள் போதும், அதற்கு மேற்பட்டது மிகை என்கிறார். புதிய உடையைப் பெறும்போதே பழையதை ஒப்படைத்துவிட வேண்டும், அது ஏழைகளுக்காகத் துணியறையில் வைக்கப்படும் என்கிறார். உடனே ஒப்படைக்கச் சொன்னதில்தான் நுட்பம் இருக்கிறது, ஏனெனில் இன்னொருவர் உடுத்தும் நிலையில் இருக்கும்போதே துணி கைமாறிவிடுகிறது. கத்தி, ஊசி, கைக்குட்டை வரை தேவையானதை மடத்துத் தலைவரே கொடுத்துவிட வேண்டும், அப்போதுதான் தேவை என்று சாக்குச் சொல்ல முடியாது என்றும் அவர் சேர்த்துக்கொள்கிறார்.

வீட்டில் வேண்டாத பொருள்களைக் கழித்துக்கட்டுவதே இன்று ஒரு கலையாகப் போற்றப்படுகிறது. அதில் தவறு காண நான் யார்? ஆனால் அங்கே கடைசியாக எழும் கேள்வி, அதாவது பொருள் யாரிடம் போகிறது என்பது, நற்செய்தியில் முதலிலேயே வந்துவிடுகிறது: செல்வந்தனிடம் இயேசு விற்கச் சொன்னதோடு நிறுத்தாமல், ஏழைகளுக்குக் கொடுக்கவும் சொன்னார். அந்த வாசகத்தை ஆலயத்தில் கேட்ட எகிப்தியத் துறவி வனத்து அந்தோணியார், ஏறத்தாழ 300 அரூரா (பழைய எகிப்திய நில அளவை) நிலத்தை ஊராருக்கு விட்டுக்கொடுத்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய ஆயர் அத்தனாசியார் எழுதுகிறார். தங்கைக்கென்று எடுத்துவைத்த சிறு தொகையையும், நாளையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்ற வாசகத்தைக் கேட்டபின் கொடுத்துவிட்டாராம். குடும்பம் நடத்துபவர்களிடம் இதை அப்படியே எதிர்பார்க்க முடியாது என்பதே என் எண்ணம். நற்செய்தியில் வரும் வரிதண்டுவோர் தலைவர் சக்கேயு பாதிச் சொத்தைத்தான் ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். மீதியையும் கொடு என்று இயேசு கேட்கவில்லை.

பொருளை விடுவதைவிட, அதன்மேல் உள்ள சொல்லுரிமையை விடுவதே பலருக்கும் கடினமாக இருக்கிறது. இன்ன குடும்பத்துக்குத்தான் தர வேண்டும், விற்கக் கூடாது, பெயர் எழுதி வைக்க வேண்டும் என்று நிபந்தனைகளோடு தருகிறார்கள்; சிலர் பிறகு வந்து, யார் பயன்படுத்துகிறார் என்று விசாரிக்கவும் செய்கிறார்கள். மனைவியை இழந்த முதியவர் ஒருவர் அந்த மனைவியின் தையல் இயந்திரத்தைக் கொண்டுவந்தது இதற்கு விலக்கு. எண்ணெய் போட்டு, உதிரி ஊசிகளைத் தாளில் குத்தி, பெல்ட் எந்தப் பக்கம் நழுவும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, ரசீது கூட வாங்காமல் போனார்.

பதிவேட்டில் ‘கொடுப்பவரின் விருப்பம்’ என்றொரு கட்டம் முன்பு இருந்தது. பங்குத்தந்தையிடம் பேசி அதை எடுத்துவிட்டேன். சிலருக்கு வருத்தம்தான், ஒருவர் இறக்கிய அலமாரியைத் திரும்பவும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.