பதினோராம் கணினியில் இருப்பது யார்?

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பகிர்ந்து பயன்படுத்தும் டேட்டாபேஸ், மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான அக்சஸ் 97-ஆம் பதிப்பில் இருந்த காலத்தில் பிறந்தது. அதை உருவாக்கியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். கணினிகளில் அக்சஸ் 2003 வந்த பிறகும் அவர் விட்டுச்சென்ற கோப்பு மட்டும் பழைய வடிவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. புதிய கணினிகள் வந்து இறங்கிய அன்றுதான், அக்சஸ் 2013-உம் அதற்குப் பிந்தைய பதிப்புகளும் 97 வடிவக் கோப்பைத் திறக்கவே மாட்டா என்பது தெரியவந்தது. பழைய கணினி ஒன்றில் 2003-ஐக் கொண்டு ஒரு படி ஏற்றி, பிறகு புதிய கணினியில் இன்னொரு படி ஏற்றி, ஏசிசிடிபி என்ற புதிய கோப்பு வடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று முடிவாயிற்று. “உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே” என்ற ஒரே தகுதியின் பேரில் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர், பிரிண்டரில் சிக்கிய காகிதத்தைக் கிழியாமல் உருவுவது வரைதான் என்பதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

வடிவம் மாற்றும் நேரத்தில் ஒருவர்கூட டேட்டாபேஸுக்குள் இருக்கக் கூடாது. எல்லோரும் மூடிவிட்டுக் கிளம்புங்கள் என்று வெள்ளிக்கிழமை முழுவதும் மேசை மேசையாகப் போய்ச் சொன்னேன். சனிக்கிழமை காலை மூன்று நகல்கள் எடுத்து வைத்துக்கொண்டு, மூத்த கணக்கரின் பழைய கணினி முன் அமர்ந்து மாற்றத் தொடங்கினால், வேறொருவர் கோப்பைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்று அது மறுத்துவிட்டது. அலுவலகத்தில் என்னைத் தவிர ஆளே இல்லை.

டேட்டாபேஸ் திறந்திருக்கும்போது, அதே ஃபோல்டரில் எல்டிபி என்று முடியும் ஒரு சிறிய பூட்டுக் கோப்பு உருவாகும். கடைசி ஆள் மூடும்போது அது தானாக மறைந்துவிடும். அது மறையாமல் அப்படியே இருந்தது. நோட்பேடில் திறந்து பார்த்தேன். நான்கு கணினிகளின் பெயர்கள் இருந்தன. துப்புக் கிடைத்துவிட்ட மிடுக்கில் முதல் மூவரையும் தொலைபேசியில் பிடித்து விசாரித்தேன். மூவரும் மூடிவிட்டதாகச் சத்தியம் செய்தார்கள். அவர்களில் ஒருவர், தன் மேல் பழி நிற்கக் கூடாதென்று, விடுமுறை நாளிலும் புறப்பட்டு நேரில் வந்து, தன் கணினி அணைந்து கிடப்பதை எனக்குக் காட்டிவிட்டுப் போனார். வெளியேறியவரின் பெயர் அந்தக் கோப்பிலிருந்து உடனே அழியாது, அடுத்து வருபவர் அந்த இடத்தைப் பிடிக்கும் வரை அப்படியே கிடக்கும் என்ற விவரத்தை அவர் போன பிறகுதான் படித்தேன். அதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மிஞ்சியது பிசி-11. எங்கள் அலுவலகத்தில் இருப்பவையோ பத்துக் கணினிகள். மேசைகளை எண்ணினேன், மறுபடியும் எண்ணினேன். மேலாளரிடம் கேட்டதற்கு, “பதினொன்றா? நமக்கு ஏது தம்பி பதினொன்று?” என்றார். கடைசியில் வலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக ஊர்ந்து போனதில், அது பிரிண்டர் வைத்திருக்கும் மேசையின் அடியில் புகுந்தது. அங்கே பழைய கோப்புக் கட்டுகளுக்குப் பின்னால், திரை இல்லாத ஒரு கணினி, பச்சை விளக்கு மினுங்க, இளஞ்சூடாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லோருடைய அச்சும் அதன் வழியாகத்தான் போகிறதாம். அதனால் யாரும் அதை அணைப்பதில்லை. வேறொரு கணினியின் திரையைக் கழற்றி வந்து மாட்டினேன். முகவரிச் சீட்டு அச்சிடும் படிவம் திறந்தபடியே, தேடல் கட்டத்தில் பாதிப் பெயருடன், கர்சர் பொறுமையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பாதிப் பெயரைத் தட்டியவர் யார் என்பது கடைசிவரை துலங்கவில்லை.

அதன் பின் இரண்டு படி மாற்றமும் தேநீர் ஆறும் முன்பே முடிந்துவிட்டது. ஆனால் புதிய டேட்டாபேஸுக்கு இன்று என்ன தேதி என்பது மறந்துபோயிருந்தது. தேதி வர வேண்டிய கட்டங்களிலெல்லாம் ‘நேம்’ என்ற சொல்லும் கேள்விக்குறியும் நின்றன. பழைய படிவம் ஒன்றில் நாள்காட்டிக் கருவி ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். அந்தக் கருவி அக்சஸ் 2010 முதல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்கான இணைப்பு அறுந்துபோனதால், அதற்குத் துளியும் தொடர்பில்லாத ‘டேட்’ கட்டளையும் சேர்ந்து படுத்துவிட்டது. சமையற்காரர் விடுப்பில் போனதற்குக் காவலாளி வேலைநிறுத்தம் செய்வது போன்ற ஏற்பாடு இது. டேட்டாபேஸ் துணைக்கு அழைக்கும் கருவிகளைக் காட்டும் ரெஃபரன்ஸ் பட்டியலில் ‘மிஸ்ஸிங்’ என்றிருந்த வரியின் டிக்கை எடுத்து, நாள்காட்டியையும் கழற்றியதும் தேதி நினைவுக்கு வந்துவிட்டது. பழைய கோப்பின் பெயரை ‘பழையது - தொடாதீர்கள்’ என்று மாற்றி, அதே ஃபோல்டரில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் முழுவதும் ஆளுக்கொரு குறை சொன்னார்கள்: எழுத்து சிறியதாக இருக்கிறது, பொத்தான் இடம் மாறிவிட்டது, நிறம் கண்ணை உறுத்துகிறது. மூத்த கணக்கர் மட்டும் வெள்ளிக்கிழமை மாலை என்னை அழைத்து, “நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் சார். எனக்கு மாற்றமே தெரியவில்லை” என்றார். உருகிப்போய் அவருடைய மேசைக்குச் சென்றேன். புதிய கணினி பெட்டி பிரிக்கப்படாமல் மேசையின் கீழே இருந்தது. மேலே பழைய கணினி. கோப்பின் பெயரை மாற்றினாலும், ஷார்ட்கட் அதே ஃபோல்டருக்குள் தேடி அதைக் கண்டுபிடித்துவிடும் என்பதை அன்றைக்கு நான் கற்றுக்கொண்டேன். திரையின் மேல்விளிம்பில் ‘பழையது - தொடாதீர்கள்’ என்ற தலைப்பு இருக்க, அதன் கீழே திங்கள் முதல் வெள்ளி வரையான பதிவுகளை அவர் ஒன்றுவிடாமல் ஏற்றி வைத்திருந்தார்.

“தலைப்பைப் பார்க்கவில்லையா சார்?” என்றேன்.

“பார்த்தேனே. என்னைச் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்” என்றார்.