முறுக்கு துல்லியம், பாட்டி மங்கல்

தீபாவளி நெருங்கினால் சிங்கப்பூரில் எந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குப் போனாலும் ஒரு சித்தப்பா புது டிஎஸ்எல்ஆர் கேமராவோடு நிற்பார். கழுத்தில் வார், மேசை மேல் பெட்டி, பெட்டிக்குள் இன்னும் பிரிக்காத கையேடு. பாட்டி முறுக்குத் தட்டோடு கூடத்துக்கு வருகிறார். க்ளிக். திரையில் பார்த்தால் முறுக்கில் உள்ள எள்ளை எண்ணிவிடலாம். பாட்டி முகம் மட்டும் சாம்பிராணிப் புகைக்குள் இருப்பதுபோல் இருக்கிறது.

அதே நொடியில் பேத்தி கைப்பேசியில் எடுத்த படத்தில் முறுக்கும் தெரிகிறது, பாட்டியும் தெரிகிறார், பின்சுவர்க் காலண்டரில் ராகு காலம்கூடப் படிக்க வருகிறது. "ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி இதுக்குத்தானா?" என்பது சித்தியின் கேள்வி. "கூட வந்த லென்ஸ் சரியில்ல" என்பது சித்தப்பாவின் பதில். ஆடத் தெரியாதவருக்குத் தெரு எப்போதும் கோணல்தான்.

லென்ஸ் சரியாகத்தான் இருக்கிறது. கைப்பேசியில் படம் பதியும் சென்சார் சுண்டு விரல் நகம் அளவுதான். அதனால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் சேர்ந்தே தெளிவாக விழும். போதாததற்கு அது பல படங்களை எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, கூர்மையும் ஏற்றித் தருகிறது. டிஎஸ்எல்ஆர் அந்த உபகாரத்தையெல்லாம் செய்வதில்லை. எங்கே ஃபோகஸ் வைத்தோமோ அந்த இடம் தெளிவு, மற்றது மங்கல்.

இது புரியாமல் சித்தப்பா அடுத்த வாரம் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்கிவருவார். நல்ல லென்ஸ், விலையும் குறைவு. ஆனால் எஃப் எண் சின்னதானால் லென்ஸின் திறப்பு பெரிது, தெளிவாக விழும் ஆழம் குறைவு. எஃப் 1.8-இல் திறந்து வைத்து 1.5 மீட்டர் தூரத்தில் நின்றால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 6 செ.மீ. மூக்கு நுனியிலிருந்து காது வரைக்கும் அதைவிட நீளம். இந்த முறை பாட்டியின் மூக்குத்தி மின்னுகிறது, கண் மங்கல். எஃப் 4-க்கு மாற்றினால் அந்த ஆழம் ஏறக்குறைய 13 செ.மீ. ஆகும். அப்படியே இரண்டு எட்டு பின்னால் போய் 3 மீட்டரில் நின்றால் அரை மீட்டரைத் தாண்டிவிடும். தூரம் இரட்டித்தால் ஆழம் நாலு மடங்கு. சோபா இடம் கொடுக்காத கூடமாக இருந்தால் சோபாவைத் தள்ளுங்கள். அது லென்ஸ் மாற்றுவதைவிட மலிவு.

முறுக்கு மர்மத்துக்கு வருவோம். புதுக் கேமரா பெரும்பாலும் எல்லாப் புள்ளிகளையும் தானே பார்த்து ஃபோகஸ் செய்யும் நிலையில்தான் இருக்கும். அதன் புத்தி, கிட்டே எது இருக்கிறதோ அதைப் பிடிப்பது. பாட்டி தட்டை நீட்டினார், கேமரா வாங்கிக்கொண்டது. மெனுவில் ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, அந்தப் புள்ளியைக் கிட்டே இருக்கும் கண் மேல் வையுங்கள். பொத்தானை அரை அழுத்து, பீப் சத்தம், முழு அழுத்து. இதற்கு நடுவில் "பாட்டி, சிரிங்க" என்று ஒரு குனிவு குனிவதுதான் பல படங்களைக் கெடுக்கிறது. 6 செ.மீ. ஆழத்தில் நீங்கள் 5 செ.மீ. ஆடினால் ஃபோகஸ் கண்ணைவிட்டுக் காதுப் பக்கம் போய்விடும். சிரிக்கச் சொல்லும் வேலையை சித்தியிடம் கொடுங்கள்.

எல்லா மங்கலும் ஃபோகஸ் மங்கல் இல்லை. படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். எங்கோ ஓரிடம், காலண்டரோ கொண்டையோ, தெளிவாக இருந்தால் ஃபோகஸ் இடம் மாறியிருக்கிறது. சுவர், விளக்கு, பாட்டி என எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. சுவர் தெளிவாக, பேரன் மட்டும் வால் நட்சத்திரமாக இருந்தால் பேரன் ஓடியிருக்கிறான்.

கை ஆட்டத்துக்கு ஒரு பழைய கணக்கு: லென்ஸின் மி.மீ. எத்தனையோ, ஷட்டர் ஸ்பீடு (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) ஒன்றின் கீழ் அத்தனை நொடி. பலரும் முதலில் வாங்குவது பழைய ஃபிலிம் சட்டத்தைவிடச் சின்ன சென்சார் உள்ள டிஎஸ்எல்ஆர் என்பதால் கேனனில் 1.6-ஆலும் நிக்கானில் 1.5-ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும். 55 மி.மீ.-க்கு இழுத்துவிட்டால் குறைந்தது 1/100. கேமராவை ஆட்டோவில் விட்டால் டியூப்லைட் வெளிச்சத்தில் 1/40, 1/60 என்று அதுவே முடிவு செய்துவிடும். லென்ஸின் ஆட்டத் தடுப்பு உங்கள் கையைத்தான் பிடித்து நிறுத்தும், பேரனை நிறுத்தாது. ஓடும் பிள்ளைக்கு 1/250 ஆரம்பம், 1/500 நிம்மதி. ஃபோகஸும் தொடர்ந்து பின்தொடரும் நிலையில் இருக்க வேண்டும்: கேனனில் ஏஐ சர்வோ, நிக்கானில் ஏஎஃப்-சி.

வெளிச்சம் போதவில்லை என்று கேமரா அழுதால் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, 1600-க்கோ 3200-க்கோ ஏற்றுங்கள். படத்தில் ரவை தூவியதுபோல் பொரி விழும். பொரி விழுந்த படத்தில் ஆளை அடையாளம் தெரியும், ஆடிய படத்தில் தெரியாது.

நம் ஊருக்கென்றே ஒரு மங்கல் உண்டு. எம்ஆர்டி ரயிலின் குளிரில் அரை மணி நேரம் வந்த கேமராவை லிட்டில் இந்தியா நிலையத்துக்கு வெளியே எடுத்த உடனே லென்ஸ் மேல் வெள்ளைத் திரை. வெளிக்காற்று ஈரத்தில் ஊறியிருக்கிறது. 24 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தாலே அந்த ஈரம் நீராகப் படியும். ஏசியில் கிடந்த கண்ணாடியோ அதைவிடக் குளிர்ச்சி. சித்தப்பா உடனே சட்டை நுனியால் துடைப்பார், அது மறுபடி படியும், அவர் மறுபடி துடைப்பார். துடைக்கவே வேண்டாம். ஏசியை விட்டுக் கிளம்பும் முன்பே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி, வெளியே வந்து 20, 30 நிமிடம் கழித்துத் திறந்தால் ஈரம் பையின் வெளிப்பக்கம் படிந்து போய்விடும். காத்திருக்கும் நேரத்துக்குத் தேக்காவில் ஒரு தே தாரிக் சரியாக இருக்கும். அந்த நேரத்தில் மட்டும் லென்ஸைக் கழற்றாதீர்கள், ஈரம் உள்ளே போகும். வீட்டில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் காட்டும் டிரை கேபினட் இல்லாவிட்டால், அலமாரித் துணிக்கு நடுவே வைத்த லென்ஸில் பூஞ்சை குடிவந்துவிடும். அதுவும் மங்கல்தான், வாடகை தராத மங்கல்.

சிராங்கூன் ரோடு தீபாவளி விளக்குக்கு முக்காலி கொண்டுபோகலாம் என்று தோன்றும். வார இறுதிக் கூட்டத்தில் முக்காலியின் மூன்று காலும் மூன்று பேர் வழியில் நிற்கும். ஐந்தடி நடைபாதைத் தூணில் தோளைச் சாய்த்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்ட பிறகு அழுத்தினால் எஃப் 4, ஐஎஸ்ஓ 1600, 1/100 என்ற அளவில் விளக்குகள் நன்றாகவே வரும். இடம் கிடைத்து முக்காலி விரித்தால் எஃப் 8, ஐஎஸ்ஓ 100, அரை நொடிக்குச் சற்று மேல். ஆட்டத் தடுப்பை அணைத்து, லைவ் வியூவில், அதாவது பின்திரையில் பார்த்து, ஃபோகஸ் செய்து, 2 நொடி டைமரில் விடுங்கள். லைவ் வியூவில் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி முன்பே மேலே ஏறி நிற்கும் என்பதால் அது அடிக்கும் அதிர்வும் குறைவு. பத்து வெள்ளி யூவி ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஆவி விளக்கு படத்தில் மிதக்கும்.

கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரே மங்கலாகத் தெரிகிறது என்று கடைக்குக் கிளம்பும் முன், அதன் ஓரத்திலுள்ள குட்டிச் சக்கரத்தை உள்ளே தெரியும் எண்கள் கூர்மையாகும்வரை திருப்பிப் பாருங்கள். மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்காக வைத்தது. பையில் உரசித் தானாகவே திரும்பிக்கொள்ளும்.

இத்தனையும் சரிசெய்து சித்தப்பா கூடத்துக்குத் திரும்புகிறார். எஃப் 4, 1/125, ஐஎஸ்ஓ 1600, ஒற்றைப் புள்ளி, இடது கண். தட்டை வாங்கிக் கீழே வைத்தாயிற்று, முறுக்கு காலி. க்ளிக். பெரிதாக்கிப் பார்த்தால் இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. கண்தான் மூடியிருக்கிறது.