நாலு மில்லிமீட்டர் ஈக்கு ஒரு பெயர்

2022 ஏப்ரல் கடைசி வாரம். கோத்தகிரி பக்கம் ஒரு சோலைக்காட்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன ஓடை. காலை எட்டரை மணிக்கு மரக்கிளைகளுக்கு நடுவே ஒரே ஒரு இடத்தில் மட்டும் வெயில் இறங்கியிருந்தது. அந்த வெயிலுக்குள் இருபது முப்பது ஈக்கள் மேலும் கீழுமாக ஊசலாடிக்கொண்டிருந்தன. வலை கையில் இருந்தும் வீச மனசு வரவில்லை. கால் மணி நேரம் அப்படியே நின்று பார்த்தேன்.

இவற்றுக்கு நடன ஈக்கள் என்று பெயர். எம்பிடிடே என்ற குடும்பம். உலகம் முழுக்க 3,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தது எம்பிஸ் என்ற பேரினம். ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-லேயே பெயரிட்ட பழைய பேரினம் அது. இந்த ஈக்களில் பல இனங்களில் ஆண் வெறுங்கையோடு பெண்ணைத் தேடிப் போவதில்லை. ஒரு சின்னப் பூச்சியை வேட்டையாடி, அதைக் கால்களில் இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் வரும். பெண் அந்தப் பரிசை வாங்கிச் சாப்பிடும் நேரம்தான் அவை கூடியிருக்கும் நேரம். ஆண் தன் முன்காலால் ஒரு இலை நுனியைப் பிடித்துத் தொங்க, அதன் பிடியில் பெண்ணும், பெண்ணின் பிடியில் இரையுமாக மூன்று உயிர்கள் ஒரே காலில் ஊசலாடும். அன்று காலை ஒரு ஜோடி என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் அப்படித் தொங்கியது. அந்த ஆணின் மொத்த நீளம் நாலு மில்லிமீட்டர்.

கூட வந்திருந்த வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணா, "மேடம், இந்த ஈயைப் பிடிக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று கேட்டார். லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு மூக்கு இருக்கே!" என்றார். சரியாகத்தான் சொன்னார். அது கீழ்நோக்கி நீண்ட உறிஞ்சுகுழல். எம்பிஸ் பேரினத்தைக் காட்டில் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

மூன்று ஆண், இரண்டு பெண் அன்று கிடைத்தன. புது இனம் என்று அங்கேயே தெரிந்ததா என்று கல்லூரியில் மாணவர்கள் கேட்பார்கள். காட்டில் நிற்கும்போது அது ஒரு ஈ, அவ்வளவுதான். இதற்கு முன் யாராவது பெயர் வைத்த எதுவும் இது இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பிறகுதான் அதைப் புதுசு என்று சொல்ல முடியும். என் விஷயத்தில் அதற்கு இரண்டு வருடம் பிடித்தது.

முதலில் பழைய நூல்கள். இந்திய நடன ஈக்களைப் பற்றி எழுதுகிற யாரும் 1920-ல் வந்த ப்ருனெட்டியின் தொகுதியைத் தவிர்க்க முடியாது. பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள் பற்றிய வரிசையில் வந்தது. என்ரிகோ ப்ருனெட்டி தொழிலால் இசைக்கலைஞர். கல்கத்தாவில் இருந்துகொண்டு ஈக்களைப் பற்றி எழுதினார். அவருடைய விவரிப்புகளை வாசிக்கும்போது எனக்கு மரியாதையும் தவிப்பும் ஒன்றாக வரும். நிறம், முள்மயிர், இறக்கை நரம்பு எல்லாம் இருக்கும். ஆனால் அந்தக் கால வழக்கப்படி விவரிப்பு சுருக்கம். ஆணின் இனப்பெருக்க உறுப்பை வரைந்து காட்டும் பழக்கம் அப்போது பரவியிருக்கவில்லை. இன்றைக்கு ஒரு எம்பிஸைப் பிரித்தறிய அந்த உறுப்பின் வடிவம்தான் முக்கியச் சான்று. மஞ்சள் கால், சாம்பல் முதுகு என்று இரண்டு வரியில் சொன்னால் அது நாலைந்து இனத்துக்குப் பொருந்தும்.

அதனால் மூல மாதிரிகளையே பார்க்க வேண்டியிருந்தது. ஒரு இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஒரு தனி மாதிரியை அந்தப் பெயரின் அடையாளமாக நிறுத்துகிறார்கள். அதை ஹோலோடைப் என்போம். எழுத்தில் எவ்வளவு குழப்பம் வந்தாலும் கடைசியில் அந்த ஒரு பூச்சியிடம் போய்க் கேட்கலாம். மின்னஞ்சல் எழுதி, படங்கள் கேட்டு வாங்கி, ஒப்பிட்டேன். பாதி வேலை இதிலேயே போனது.

அப்படித் தேடும்போது ஒரு வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் இருந்து தென்னிந்திய எம்பிஸ் மாதிரிகள் சிலவற்றின் படம் வந்தது. இனம் கண்டறியப்படாமல் பெட்டியில் பல பத்தாண்டுகளாக இருந்தவை. ஊசியில் ஈக்குக் கீழே ஒரு சின்னத் துண்டுச் சீட்டு: தென்னிந்தியா, ஆனைமலை, சின்கோனா, 3500 அடி, பி. எஸ். நாதன். காரைக்கால் பக்கம் குரும்பகரத்தைச் சேர்ந்த சூசை நாதன்தான் அது. தென்னிந்தியா முழுக்க நடந்து, லட்சக்கணக்கில் பூச்சிகளைச் சேர்த்து, உலகத்தின் பல அருங்காட்சியகங்களுக்கு அனுப்பிய மனிதர். அவர் பிடித்தவற்றில் இருந்து எத்தனையோ புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. அவர் பெயரையே பல பூச்சிகள் சுமக்கின்றன. என் இனம் அந்தப் பெட்டியில் இல்லை. ஆனால் அதன் நெருங்கிய உறவு ஒன்று இருந்தது. அந்தச் சீட்டில் ஊரும் உயரமும் தேதியும் இருந்ததால்தான் அதை வைத்து எதையும் சொல்ல முடிந்தது. சீட்டு இல்லாத பூச்சியால் ஆய்வுக்கு எந்தப் பயனும் இல்லை என்று வகுப்பில் நூறு முறை சொல்லியிருப்பேன். அன்றுதான் அது எனக்கே முழுதாக உறைத்தது.

இதற்கு நடுவில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். ஆணின் உறுப்பைப் பார்க்க வயிற்றின் நுனியைத் தனியே எடுத்து, பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட வேண்டும். தசையும் கொழுப்பும் கரைந்து, கடினமான பாகங்கள் மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவாகும். இரவு முழுக்கச் சாதாரண வெப்பத்தில் விடலாம். அவசரம் என்றால் சூடாக்கலாம். நான் சூடாக்கினேன். இரண்டு நிமிடம் கூடிப்போனது. பாகங்களைச் சேர்த்துப் பிடித்திருந்த மென்சவ்வு கரைந்து எல்லாம் தளர்ந்துவிட்டது. ஊசியால் திருப்பும்போது, வில் மாதிரி வளைந்த நூல் போன்ற உறுப்பு நடுவில் முறிந்தது. மூன்று ஆண்களில் மிக நல்ல மாதிரி அது. மைக்ரோஸ்கோப்பை அணைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்திருந்தேன். ஒரு உயிரைக் கொன்று எடுத்துவந்திருக்கிறோம், அதற்குப் பொறுமையையாவது கொடுத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இன்றும் இருக்கிறது. அதன் பிறகு நான் சூடாக்கியதே இல்லை.

மிச்சம் இரண்டு ஆண். அதிலும் ஒரு சிக்கல். ஒன்றின் பின்காலில், தொடைக்குக் கீழே, தடித்த முள்மயிர் வரிசை இருந்தது. மற்றதில் அதே இடத்தில் மெல்லிய மயிர்தான். ஒரே ஓடையில் இரண்டு புது இனம் என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். வரைவுகூட எழுத ஆரம்பித்துவிட்டேன். என் ஆய்வு வழிகாட்டிதான் நிறுத்தினார். ஜப்பானில் ஃபூஜி மலையில் கிடைத்து, 2011-ல் விவரிக்கப்பட்ட எம்பிஸ் ஜாஷ்ஹோஃபோரம் பற்றிய கட்டுரையை எடுத்துப் படிக்கச் சொன்னார். அந்த இனத்தில் சில ஆண்களுக்கு வலது முன்கால் மட்டும் அகன்றிருக்கும், சிலவற்றுக்கு இடது மட்டும், சிலவற்றுக்கு இரண்டும், சிலவற்றுக்கு எதுவுமே இல்லை. எல்லாம் ஒரே இனம். ஒன்றிரண்டு மாதிரிகளை மட்டும் கையில் வைத்திருந்தால் யாருமே ஏமாந்திருப்பார்கள். "அடுத்த வருஷம் மறுபடியும் போம்மா" என்றார்.

மறுபடியும் என்றால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். வளர்ந்த ஈக்கள் அந்த ஓடையில் பறப்பது சில வாரங்கள்தான். 2023 ஏப்ரலில் போனபோது மழை முந்திக்கொண்டது. மூன்று நாள் ஒரு ஈயும் இல்லை. துணிக் கூடாரம் மாதிரி இருக்கும் மலேஸ் பொறியை ஓடைக்குக் குறுக்கே கட்டிவைத்தேன். அதன் குப்பியில் கொசுவும் குளவியும் நிறைந்தன, எம்பிஸ் ஒன்றுகூட இல்லை. நாலாவது நாள் காவலர் அண்ணா வந்து, "மேல ஒரு வளைவு இருக்கு மேடம், அங்க வெயில் முன்னாடியே விழும். உங்க மூக்கு ஈ அங்க ஆடுது" என்றார். அவர் ரோந்து போகும்போது பார்த்துவைத்திருக்கிறார். அங்கேதான் பதினாலு ஆணும் ஒன்பது பெண்ணும் கிடைத்தன. கூட, பரிசோடு தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஜோடி. பரிசாக இருந்தது கைரோனோமிட் என்ற வகை, கடிக்காத கொசு.

அந்த ஜோடி கிடைத்தது பெரிய விஷயம். ஆணும் பெண்ணும் தோற்றத்தில் வேறுபட்டால், இந்தப் பெண் இந்த ஆணின் இனம்தான் என்று எப்படி நிரூபிப்பது? இதில் ஆணின் கண்கள் இரண்டும் தலை உச்சியில் ஒட்டியிருக்கும். மேலே பறப்பதைப் பார்க்க மேல்பாதிக் கண்ணறைகள் பெரிதாக இருக்கும். பெண்ணின் கண்கள் விலகியிருக்கும், கால்மயிரும் வேறு மாதிரி. கூடியிருந்த நிலையில் பிடித்தால் அதுவே சான்று. ஆண், பெண், இரை மூன்றையும் ஒரே ஊசியில் மேலும் கீழுமாக ஏற்றினேன். டி.என்.ஏ.வும் பார்த்தோம். ஒரு கால் மட்டும் எடுத்து, இனங்களைப் பிரித்தறியப் பயன்படும் சி.ஓ.ஐ. ஜீனில் 658 எழுத்துகள் கொண்ட பகுதியை ஒப்பிட்டதில் இரண்டு பாலும் ஒத்துப்போயின. பின்கால் முள்மயிர் விஷயமும் தீர்ந்தது. பதினாலு ஆணையும் வரிசையாக வைத்தால், சின்ன உடம்புக்கு மெல்லிய மயிர், பெரிய உடம்புக்குத் தடித்த முள், நடுவில் எல்லா அளவும். ஒரே இனம்.

எழுதும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது பொறுமையாக எண்ணும் வேலை. முதுகின் நடுவரிசை மயிர் எத்தனை ஜோடி, தோளில் எத்தனை, இறக்கையில் எந்த நரம்பு ஓரத்தைத் தொடுகிறது என்று தலையில் இருந்து வால் வரை ஒரே ஒழுங்கில் போக வேண்டும். ஆணுறுப்பைக் கிளிசரினில் வைத்துப் பக்கவாட்டில் வரைந்தேன். ஒரு படத்துக்கு ஒன்பது முறை. போட்டோ எடுத்தால் போதாதா என்றால், போதாது. வரையும்போதுதான் எந்த விளிம்பு எதற்கு முன்னால் இருக்கிறது என்பதை நாம் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. நான் கவனிக்காத ஒரு சின்னக் கொக்கியை ஆறாவது முறை வரையும்போதுதான் பார்த்தேன். என் இனத்தை அதன் நெருங்கிய உறவிடம் இருந்து பிரிப்பது அந்தக் கொக்கிதான்.

பெயர். எம்பிஸ் இலக்கணப்படி பெண்பால் என்பதால், பின்னால் வருவது பெயரடை என்றால் அதுவும் பெண்பாலில் முடிய வேண்டும். தன் பெயரையே வைத்துக்கொள்வது வழக்கமில்லை, நல்ல மரபு அது. இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால், விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதித்தொகுப்பில் 2012-ல் செய்த திருத்தத்தின்படி, முன்கூட்டியே ஜூபேங்க் என்ற இணையப் பதிவேட்டில் கட்டுரையைப் பதிய வேண்டும். அந்தப் பதிவு கட்டுரைக்குள்ளேயே தெரிய வேண்டும். இல்லாவிட்டால் பெயர் செல்லாது. கட்டுரை ஏற்கப்பட்டு அச்சுக்குக் காத்திருக்கிறது. அது வெளிவரும் முன் பெயர் வேறெங்கும் வருவது சரியில்லை என்பதால் இங்கே எழுதவில்லை.

இதழுக்காகக் கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர்களில் ஒருவர் ஒரே வரியில் ஏற்றுக்கொண்டார். இன்னொருவர் நாற்பத்தோரு கேள்வி அனுப்பினார். அவருக்குத்தான் நான் அதிகம் கடமைப்பட்டிருக்கிறேன். பழைய இனம் ஒன்றின் விவரிப்பை நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்ததைக் காட்டியவர் அவர்.

கடைசியாக ஒப்படைப்பு. இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்படும் இனத்தை, 2002-ம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி, அரசு அறிவித்த காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியும் ஒப்படைக்க வேண்டும். ஹோலோடைப் கொல்கத்தாவில் இருக்கும் ஜூலாஜிகல் சர்வே ஆஃப் இந்தியாவுக்குப் போகிறது. பெட்டிக்குள் பஞ்சு வைத்து, ஊசி ஆடாமல் இருபக்கமும் துணை ஊசி குத்தி, ஹோலோடைப் என்று காட்டும் சிவப்புச் சீட்டு கோத்து நானே கட்டினேன்.

அனுப்புவதற்கு முன் அதைக் கோத்தகிரிக்கு எடுத்துப்போனேன். காவலர் அண்ணா லென்ஸை வாங்கி, ஈயைப் பார்க்காமல் அதற்குக் கீழே இருந்த வெள்ளைச் சீட்டைத்தான் முதலில் பார்த்தார். எறும்பு அளவு எழுத்து. ஊர், உயரம், தேதி, அப்புறம் சேகரித்தவர்கள். விரலால் தொடாமல் காற்றிலேயே வரியைத் தடவி, கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தி, "இது என் பேரா மேடம்?" என்று கேட்டார்.

"ஆமாண்ணா. வளைவைக் காட்டினது நீங்கதானே."

மறுபடியும் ஒருமுறை வாசித்தார். அப்புறம்தான் ஈயைப் பார்த்தார்.